இலக்கணப் பள்ளியைத் தேடி: ஸ்ட்ராட்ஃபோர்டில் நான்கு நாள்

முதல் நாள்

"தாத்தா, கிராமர் ஸ்கூல்னா அங்க கிராமர் மட்டும்தான் சொல்லித் தருவாங்களா?" என்று பேத்தி கேட்டதில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. பர்மிங்காமில் மகள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த வீட்டில் கேட்கிற சொல் "இலெவன் பிளஸ்". பேத்திக்கு அடுத்த செப்டம்பரில் அந்தத் தேர்வு. கிராமர் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் இதில் தேற வேண்டும், அதனால் சாப்பாட்டு மேசையில் சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே பயிற்சிப் புத்தகம் கிடக்கிறது. இங்குள்ள நம் ஆட்கள் பலர் வீட்டிலும் இதே பேச்சுதான். நான் முப்பத்தொரு வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவன், இலக்கணத்தின் பெயரில் ஒரு பள்ளி என்றால் எனக்கு ஆசை வராமல் இருக்குமா? பழைய கிராமர் பள்ளி ஒன்றை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டதும் மகள் எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

மூர் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ராட்ஃபோர்டு. ஊருக்குள் நுழைந்ததுமே ஷேக்ஸ்பியர் பெயர் போடாத கடையைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஹென்லி தெருவில் அவர் பிறந்த வீட்டுக்குப் போக, நாங்கள் அதைத் தாண்டி நேராக சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். பத்து நிமிட நடைகூட இல்லை. சிறுவன் ஷேக்ஸ்பியர் பள்ளிக்குப் போன வழி இதுதான் என்று மகள் சொன்னதும் பேத்தி நடையைக் குறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே வந்தாள்.

தெருமுனை திரும்பினால் கல்லால் கட்டிய கோபுரத்தோடு ஒரு சிற்றாலயம், அதை ஒட்டி நீளமாக ஒரு மரச்சட்டக் கட்டடம். மேல்மாடி கீழ்ச்சுவரைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓக் மரத் தூண்கள் நெருக்கமாக, நடுவில் வெள்ளைப் பூச்சு, எங்குமே ஒரு கோடு நேர்க்கோடாக இல்லை. அறுநூறு வருடத்தில் மரம் தன் இஷ்டத்துக்கு வளைந்து உட்கார்ந்துவிட்டது. இதுதான் கில்டு ஹால், 1417க்கும் 1420க்கும் இடையில் கட்டியது. இதன் மாடியில்தான் அந்தப் பள்ளிக்கூடம். இப்போது அதன் பெயர் ஆறாம் எட்வர்ட் அரசர் பள்ளி.

இந்தப் பெயரைப் பார்த்ததும், ஏதோ ஒரு ராஜா நல்ல மனதோடு பள்ளி கட்டிக் கொடுத்தார் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. இந்த ஊரில் திருச்சிலுவை கில்டு என்று ஒரு சங்கம் இருந்தது. 1269-லேயே அதற்கென்று ஒரு மருத்துவ விடுதியும் சிற்றாலயமும் வைத்துக்கொள்ள ஆயர் அனுமதி கொடுத்திருக்கிறார். நம் ஊரில் கோயில் மண்டகப்படிக்கு ஊரார் சேர்ந்து சங்கம் வைத்து, நிலம் எழுதி வைத்து, அதன் வருமானத்தில் விளக்கும் அன்னதானமும் நடத்துவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஆணும் பெண்ணும் உறுப்பினர், பணம் கட்டி இறந்துபோனவர்கள் பெயரைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள், அவர்கள் ஆன்மாவுக்காகப் பூசகர்கள் வேண்டிக்கொள்வார்கள் என்று. ஏழை முதியவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள், அந்த வீடுகள் கில்டு ஹாலை ஒட்டி வரிசையாக இன்னும் நிற்கின்றன, இன்றும் அவற்றில் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு வாசலில் செருப்பும் குடையும் இருந்தன, ஜன்னலில் பூந்தொட்டி.

அப்புறம் பள்ளி. 1295-ல் ஆயரின் பதிவேட்டில் ரிச்சர்ட் என்கிற ஒருவர் இந்த ஊர்ப் பள்ளித் தலைவர் என்று குறிக்கப்படுகிறார். ஆக, எழுநூறு வருடத்துக்கும் முன்னால் இங்கே ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார். 1427-ல் கில்டு சுமார் 10 பவுண்டு செலவில் பள்ளிக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பியது, 'பெடகாக்' வீடு என்று பெயர், அதாவது வாத்தியார் வீடு. அது இன்றும் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிறது.

1482-ல் தாமஸ் ஜாலிஃப் என்ற பூசகர் தன் நிலங்களை எழுதி வைத்தார், பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: இலக்கணம் கற்பிக்கத் தகுதியான ஒருவரை வைக்க வேண்டும், அவர் தன்னிடம் வருகிற எல்லா மாணவருக்கும் எதுவும் வாங்காமல் கற்பிக்க வேண்டும். எதுவும் வாங்காமல்! தெருவில் நின்றபடியே இதை மகள் வாசித்துச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சம்பளம் கட்ட வழியில்லாமல் வகுப்பு வாசலில் நின்ற பையன்தான் நான். ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் என் சம்பளத்தைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டார், அவர் இறந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

இருட்டுவதற்குள் சிற்றாலயத்துக்குள் எட்டிப் பார்த்தோம். எதிரே வளைவுக்கு மேல் முழுச்சுவருக்கும் ஒரு ஓவியம், இறுதித் தீர்ப்பு நாள். மங்கித் தேய்ந்து கிடந்தாலும் ஒரு பக்கம் சொர்க்கம், மறுபக்கம் நரகத்தின் வாய் என்று கண்டுபிடிக்க முடிகிறது. நாடு கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறிய காலத்தில் இந்த ஓவியங்களை அழிக்கச் சொல்லி அரசாணை வந்தது. 1563-64 நகரக் கணக்கில் சிற்றாலயத்தின் உருவங்களை அழித்ததற்கு 2 ஷில்லிங் செலவு என்று இருக்கிறது. அந்தக் கணக்கை ஒப்படைத்த அதிகாரிகளில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், கவிஞரின் அப்பா. சுரண்டி எடுக்காமல் மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், 1804-ல் அந்தச் சுண்ணாம்பு உரிந்து ஓவியம் வெளியே வந்தது. சுண்ணாம்பு அடித்தவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்று ராத்திரி படுத்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள்

காலையிலிருந்து தூறல். பதினொரு மணிக்கு மேல் கில்டு ஹாலுக்குள் போனோம். 2016-லிருந்துதான் இதைப் பொதுமக்கள் முறையாகப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். பள்ளியும் இந்த அறையை விட்டுவிடவில்லை, விடுமுறை இல்லாத நாட்களில் பிள்ளைகள் இங்கே வருவது உண்டு என்றார் வழிகாட்டி அம்மா.

கீழ்த்தளம் நீளமான கூடம். கில்டு கூடி விருந்து உண்ட இடம், பிற்பாடு நகர்மன்றம். 1568-ல் ஜான் ஷேக்ஸ்பியர் பெய்லிஃப் ஆனார், நகர்மன்றத் தலைவர் மாதிரியான பதவி. அந்த வருடக் கணக்கில்தான் ஊருக்கு வந்த நாடகக் குழுக்களுக்குப் பணம் கொடுத்த குறிப்பு முதன்முதலாக வருகிறது: அரசியின் குழுவுக்கு 9 ஷில்லிங், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங். குழுக்கள் முதலில் நகர்மன்றத்தார் முன்னால் ஆடிக் காட்டுவது வழக்கம், ஆடியது இந்தக் கூடத்தில். தலைவரின் பையனுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் கால்களுக்கு நடுவில் நின்று பார்த்திருப்பான் என்று வழிகாட்டி சொன்னார், அதற்குச் சாட்சி ஒன்றும் கிடையாது, ஆனால் அந்தக் கூடத்தில் நின்றால் நம்பத்தான் தோன்றுகிறது.

இப்போது ராஜா கதைக்கு வருகிறேன். 1547-ல் இப்படிப்பட்ட கில்டுகளையும் இறந்தோருக்காக வேண்டும் அறக்கட்டளைகளையும் சட்டம் போட்டு ஒழித்தார்கள், சொத்தெல்லாம் அரசுக்குப் போய்விட்டது. ஊருக்கு விளக்கு, முதியோர் வீடு, பாலம் பராமரிப்பு, பள்ளி என்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சங்கம் ஒரே சட்டத்தில் இல்லாமல் போனது. ஊரார் விடவில்லை. ஆறு வருடம் கழித்து, 1553 ஜூன் 28-ல் அரசப் பட்டயம் ஒன்று கிடைத்தது. ஊருக்கு நகர்மன்றம், அதில் 14 ஆல்டர்மன்கள், 14 பர்ஜஸ்கள் என்று உறுப்பினர்கள், கூடவே 'அரசரின் புதிய பள்ளி'. வாத்தியாருக்கு வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், குடியிருக்க வீடு. அந்தச் சம்பளம் எதிலிருந்து வந்தது? பழைய கில்டு நிலங்களின் வருமானத்திலிருந்து! ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த நிலத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகையில் ராஜா பெயர். பட்டயத்தில் கையெழுத்தான எட்டாவது நாள், ஜூலை 6 அன்று, எட்வர்ட் இறந்துபோனார். பதினைந்து வயதுப் பிள்ளை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த எட்டு நாள் முந்தியிராவிட்டால் இந்தப் பள்ளி என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனாலும் ஜாலிஃப் பெயரையும், பெயர் தெரியாத அந்தக் கில்டுக்காரர்களையும் யாராவது பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இங்கே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மாடிப்படி ஏறினால் பள்ளியறை. கூரையைத் தாங்கும் ஓக் உத்தரங்கள் அப்படியே திறந்து தெரிகின்றன, கப்பலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. நீள நீளமான பழைய மேசைகள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகையில் விரல் வைக்க இடமில்லாமல் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பையன் ஒரு எழுத்தை ஆழமாக, பொறுமையாக, முனை பிசிறாமல் செதுக்கியிருக்கிறான், அவன் பக்கத்தில் இன்னொருவன் இரண்டு எழுத்து வெட்டி மூன்றாவதில் பாதியில் நிறுத்தியிருக்கிறான், வாத்தியார் திரும்பியிருப்பார் போல. பள்ளங்களில் மை இறங்கிக் கறுத்து, அதன் மேல் எத்தனையோ கைகள் உரசி விளிம்பெல்லாம் மழமழவென்று ஆகிவிட்டன. ஷேக்ஸ்பியர் காலத்தைவிட மிகவும் பிந்திய வெட்டுகள் இவை. அவர் பெயரைத் தேடவே வேண்டாம். அவர் காலத்து மாணவர் பதிவேடுகூட மிஞ்சவில்லை. நகர்மன்றத்தார் மகனுக்கு இலவசப் பள்ளி, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், பிற்பாடு அவர் எழுதியதில் எல்லாம் இந்தப் பள்ளிப் பாடத்தின் வாசனை, இவற்றை வைத்துத்தான் இங்கே படித்தார் என்று கிட்டத்தட்ட எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

வாத்தியார்கள் பெயர் மட்டும் சம்பளக் கணக்கில் இருக்கிறது. 1571-லிருந்து சைமன் ஹன்ட், 1575-லிருந்து தாமஸ் ஜென்கின்ஸ், 1579-லிருந்து ஜான் காட்டம், மூவரும் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. ஒரு சின்னச் சந்தை ஊரில், கையுறை தைப்பவர் மகனுக்கும் தோல் பதனிடுபவர் மகனுக்கும் பாடம் சொல்ல ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிகள் வந்திருக்கிறார்கள் என்றால் அந்த 20 பவுண்டுதான் காரணம், அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம். காட்டமின் தம்பி கத்தோலிக்கப் பூசகர், 1582-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள், அண்ணன் அதற்கு முந்தைய வருடமே பள்ளியை விட்டுப் போய்விட்டார். அவர் மனநிலை எப்படி இருந்திருக்கும்! அடுத்து வந்த அலெக்சாண்டர் ஆஸ்பினால் 42 வருடம் அசையாமல் இருந்து பாடம் நடத்தினார், 1624 வரை. ஒரே வகுப்பறையில் 42 வருடம். என் 31 வருடத்தை நினைத்துக்கொண்டேன்.

சரி, என்ன இலக்கணம்? பேத்தி கேட்ட கேள்விக்கு வருவோம். கிராமர் என்றால் லத்தீன் இலக்கணம். ஆங்கிலம் எழுதப் படிக்கச் சின்னப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டுதான் இங்கே வர வேண்டும், ஏழு வயது வாக்கில். அந்தச் சின்னப் பிள்ளைகள் கையில் 'ஹார்ன்புக்', கைப்பிடி வைத்த சிறு பலகை, அதில் எழுத்துகள் எழுதிய தாளை ஒட்டி மேலே கண்ணாடி போலச் சீவிய மாட்டுக்கொம்புத் தகடு. (நம் திண்ணைப் பள்ளியில் மணல். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் கொண்டு ஒரு முறையை உருவாக்கி, 1797-ல் லண்டனில் நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து ஏழைப் பள்ளிகளில் எல்லாம் பரவியது. நம் சட்டாம்பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பெருமைதான்.)

கோடையில் காலை ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு மணி, மாலை ஐந்து வரை. நடுவில் சாப்பாட்டுக்கு இடைவெளி. இறகுப் பேனாவும் அதைச் சீவக் கத்தியும் மெழுகுவத்தியும் பிள்ளையே கொண்டுவர வேண்டும். நாடெங்கும் ஒரே இலக்கணப் புத்தகம், வில்லியம் லில்லி பெயரில் வழங்கியது, எட்டாம் ஹென்றி இதைத் தவிர வேறு நடத்தக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டார். அதை மனப்பாடம் செய்ய வேண்டும். செய்யாதவனுக்குப் பிரம்பு. சொல் எட்டு வகை என்று தொடங்கும் அது. நமக்குப் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. வேற்றுமையில் நமக்கு எட்டு, அவர்களுக்கு ஆறு. இதையெல்லாம் வழிகாட்டியிடம் மகள் வழியாகச் சொன்னேன், அந்த அம்மா கையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் வில்லியம் என்ற பையனை ஒரு வாத்தியார் லத்தீன் இலக்கணத்தில் கேள்வி கேட்கும் காட்சி வருகிறது. 'ஹிக், ஹேக், ஹோக்' என்று உருப்போட்டதை ஒப்பிக்கிறான், வேற்றுமையில் தடுமாறுகிறான், விளி வேற்றுமைக்கு வரும்போது இதற்கு அந்த உருபு கிடையாது என்கிறார் வாத்தியார். அந்த மூன்று சொல்லுக்கும் பொருள் என்னவென்று மகளிடம் கேட்டேன். இவன், இவள், இது. எனக்குச் சிலிர்த்துவிட்டது! சுட்டுப் பெயர். நன்னூலில் விளி ஏற்காத பெயர்ப் பட்டியலில் சுட்டுப் பெயர் இருக்கிறது, தொல்காப்பியத்திலும் இருக்கிறது. இவனே என்று யாரையும் கூப்பிட முடியாதே. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், ஒட்டும் இல்லை உறவும் இல்லாத இரண்டு மொழிகள், ஒரே விதி. வருடா வருடம் ஒன்பதாம் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன், ஒரு பையனாவது ஏன் ஐயா என்று கேட்பான். இந்த அறையில் 1570-களில் யாராவது கேட்டிருப்பான்.

அங்கே டியூடர் காலத்து, அதாவது ஷேக்ஸ்பியர் காலத்து, உடுப்பில் ஒருவர் வாத்தியாராக நின்று பத்து நிமிடம் பாடம் நடத்தினார். பேத்தி வாத்து இறகை மையில் தோய்த்து எழுதினாள், முதல் எழுத்திலேயே மை கொட்டியது, மூன்றாவது தாளில் பிடிபட்டது. தன் பெயரைத் தமிழில் எழுதினாள். சுழி வளைவதற்கு இறகு நன்றாகத்தான் வருகிறது.

மூன்றாம் நாள்

இன்று வெயில். ஏவன் ஆற்றங்கரையோடு நடந்தோம். அன்னங்கள் கூட்டமாகக் கரையேறி வந்து கையைப் பார்க்கின்றன. பதினான்கு வளைவுள்ள கிளாப்டன் பாலத்தில் இன்னும் பேருந்தும் லாரியும் போகின்றன. இந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்ததும் கில்டு சிற்றாலயத்தை எடுத்துக் கட்டியதும் ஒரே ஆள், ஹியூ கிளாப்டன், இந்த வட்டாரத்திலிருந்து லண்டனுக்குப் போய்ப் பணம் சேர்த்து 1491-ல் லண்டன் மேயர் ஆனவர்.

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் எல்லோரும் ஷேக்ஸ்பியர் கல்லறையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள், எனக்கு வேண்டியது ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல். 1564 ஏப்ரல் 26, 'குலியெல்முஸ் ஃபிலியுஸ் யோஹான்னஸ் ஷாக்ஸ்பியர்'. ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம் என்று லத்தீனில். இதில் யோஹான்னிஸ் என்று ஆறாம் வேற்றுமையில் இருந்திருக்க வேண்டுமாம், எழுதியவர் எழுவாயாகவே விட்டுவிட்டார். அதே வருடம் ஜூலை 11-ல், ஒரு பையனின் சாவுக் குறிப்புக்குப் பக்கத்தில், மீண்டும் லத்தீனில் மூன்றே சொல்: இங்கே கொள்ளைநோய் தொடங்கியது. அந்த நோய் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, கைக்குழந்தை வில்லியம் தப்பிவிட்டான்.

பிறப்பு, சாவு, நிலப் பத்திரம், வழக்கு, மருந்து, கோயில் என்று அன்றைக்கு எதைத் தொட்டாலும் லத்தீன் வேண்டும். அதனால்தான் ஒரு சந்தை ஊர் தன் பிள்ளைகளுக்கு லத்தீன் இலக்கணம் சொல்லிக் கொடுக்க நிலம் எழுதி வைத்தது. ஜான் ஷேக்ஸ்பியர் ஊர்த் தலைவராக இருந்தும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதில்லை, கையுறைத் தொழிலின் கவராயத்தை வரைந்துதான் அடையாளம் வைப்பார். அப்படிப்பட்டவர் மகன் ஓவிட், பிளாட்டஸ் என்ற லத்தீன் எழுத்தாளர்களை மூலத்தில் வாசித்தான். ஒரு தலைமுறைக்குள்!

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, நேற்றே எழுதியிருக்க வேண்டும், மனம் வராமல் தள்ளிப் போட்டேன். ஷேக்ஸ்பியரின் இளைய மகள் ஜூடித். 1611-ல் ஒரு பத்திரத்தில் சாட்சியாக நிற்கிறாள், அவளும் கையெழுத்துப் போடவில்லை, ஒரு சுழித்த கோடு வரைந்திருக்கிறாள். அதற்குள் அப்பா தன் நாடகங்களில் பெரும்பாலானவற்றை எழுதி முடித்துவிட்டார், லண்டன் முழுக்க அவர் எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளோடு இரட்டையாகப் பிறந்த ஹாம்னெட் பதினொரு வயதில் இறந்தான், அவன் ஆண், அதனால் அந்த மாடிப்படி ஏறும் உரிமை அவனுக்கு இருந்தது. அவளுக்கு இல்லை. ஜாலிஃப் எழுதிய 'எல்லா மாணவருக்கும்' என்பதில் எல்லாப் பிள்ளைகளும் கிடையாது. இந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளைச் சேர்த்தது 2013-ல், அதுவும் நம் பிளஸ் 1, பிளஸ் 2 மாதிரியான கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும். 1295-லிருந்து எண்ணினால் எழுநூற்றுப் பதினெட்டு வருடம்.

தேவாலயத் தோட்டத்தில் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டபோது பேத்தி கேட்டாள், "ஜூடித்துக்கு அவங்க அப்பா வீட்டுலயே சொல்லித் தந்திருக்கலாம்ல தாத்தா?" நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் மனைவி ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். நான் தமிழாசிரியர், ராத்திரி ராத்திரி விடைத்தாள் திருத்தினேன். அவளுக்கு ஒரு நாளாவது உட்கார்ந்து எதையாவது சொல்லிக் கொடுத்தேனா? இதைப் பேத்தியிடம் சொன்னேன். சொல்ல வேண்டியதுதான்.

மாலையில் நியூ பிளேஸ். 1597-ல் ஷேக்ஸ்பியர் வாங்கிய பெரிய வீடு நின்ற இடம், வீட்டை 1759-ல் அப்போதைய சொந்தக்காரர் இடித்துவிட்டார், இப்போது தோட்டம். அங்கிருந்து பார்த்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் சிற்றாலயமும் பள்ளிக்கூரையும். உலகமெல்லாம் பெயர் வாங்கிய பிறகு தான் படித்த பள்ளிக்கு எதிரே வீடு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் பிறந்தநாள் ஊர்வலத்தில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்தான் முன்னால் பூக்கொண்டு போகிறார்கள், 1893-லிருந்து இந்த வழக்கம். பள்ளிக்கென்று 'எட்வர்ட்ஸ் பாய்ஸ்' என்ற நாடகக் குழு இருக்கிறது, அந்தக் காலத்துச் சிறுவர் குழுக்களுக்காக எழுதிய நாடகங்களை, பெண் வேடமும் பையன்களே கட்டி, இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஒருநாள் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்

ரயிலில் எழுதுகிறேன். காலையில் இன்னொரு முறை சர்ச் ஸ்ட்ரீட் போய் நின்றுவிட்டு வந்தேன், தனியாக.

பழைய கிராமர் பள்ளிகள் எல்லாம் இதுபோல் நன்றாக இருக்கவில்லை. பல ஊர்களில் நிலம் எழுதி வைத்தவர்கள் லத்தீன், கிரேக்கம் என்று எழுதிவிட்டார்கள், காலம் மாறியும் அதை மாற்ற முடியவில்லை. லீட்ஸ் நகரப் பள்ளியில் நவீன மொழிகளும் சேர்க்கலாமா என்ற வழக்கு போய், 1805-ல் நீதிபதி எல்டன் பிரபு, இலக்கணம் என்று எழுதி வைத்த பணத்தில் வேறு பாடத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். 1840-ல் தனிச்சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அப்புறம் 1944 கல்விச் சட்டம், அரசு செலவில் எல்லோருக்கும் உயர்நிலைக் கல்வி என்றது. நல்ல சட்டம். ஆனால் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கமும் அதோடு நிலைத்தது. ஆயிரத்துக்கும் மேல் இருந்த கிராமர் பள்ளிகள் 1960-70களில் பெரும்பாலும் ஒவ்வொன்றாக, தேர்வில்லாமல் எல்லோரையும் சேர்க்கும் பொதுப் பள்ளிகளாக மாறின, இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவை 163. ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளி அதில் ஒன்று. அதற்கும் பதினொரு வயதுத் தேர்வு உண்டு. தன்னிடம் வருகிற எல்லோருக்கும் என்று 1482-ல் எழுதியது, இன்றைக்கு வந்து தேறுகிறவர்களுக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு இது சரியாகப் படவில்லை, மகளிடமும் சொன்னேன். "பள்ளி நல்ல பள்ளிப்பா, நான் என்ன பண்றது, இருக்கிற வழியில போறேன்" என்றாள். அதுவும் உண்மைதான். எங்கள் பேச்சு அதோடு நின்றது, சண்டை எல்லாம் இல்லை.

பேத்தி பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரே பொருள் தரும் சொற்கள் என்ற பக்கம், வட்டம் போட வேண்டும். முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வழிகாட்டி அம்மா சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1512-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு நூல் போட்டார். அதில் 'உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது' என்ற ஒரே வாக்கியத்தை லத்தீனில் நூற்றுக்கும் மேற்பட்ட விதமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். கிராமர் பள்ளிகளில் பையன்கள் அதைப் பார்த்துத் தாங்களும் புதிது புதிதாக எழுதிப் பழகுவார்கள். பின்னால் நாடகம் எழுதப் போகிற ஒரு பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"பாப்பா, அதை மூடி வை. தமிழில் நாம செய்வோம்" என்றேன்.

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அது சாதாரணம் தாத்தா, என்றாள். உன் கடுதாசி வந்தது, வயிறு நிறைந்தது. உங்க லெட்டரைப் படிச்சுட்டுத் தூக்கமே வரல. தபால்காரர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். இது மகள் சொன்னது, அவள் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் என் கடிதத்துக்கு அப்படித்தான் நின்றாளாம், இன்றுதான் சொல்கிறாள். உன் எழுத்தைப் பார்த்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. மடித்த தாளைப் பிரிக்கும் முன்பே சிரித்துவிட்டேன். பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன், இன்னொரு தடவை வாசி என்றாள்.

எதிர் இருக்கையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என்ன விளையாட்டு என்று விசாரித்தார், பேத்தி விளக்கியதும் அவரும் ஆங்கிலத்தில் இரண்டு சொன்னார். பதினேழு வரை வந்தோம். பதினெட்டாவதற்கு அவள் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூர் ஸ்ட்ரீட் வந்துவிட்டது, பையை எடுக்கச் சொன்னால், "இருங்க தாத்தா, வருது, வருது" என்கிறாள்.